எட்டாவது மூன்று

கிரேசிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது வல்லத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது ஒன்பது இலக்கம் வரை நீளும் என்பது மட்டும் நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிய வந்தது.

எழுபத்து நான்காம் வருஷம், ஆவணி மாதம். மாப்பிள்ளை வீட்டார் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சூசைராஜ் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்ததில் பாதித் தூக்கத்தில் இருந்தான். அவன் அம்மா அன்னபுஷ்பம் பேச்சைவிடப் பார்வையால் அதிகம் விசாரிக்கிற ரகம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றியே பிள்ளையை ஐ.டி.ஐ. வரை படிக்கவைத்தவள். அந்த வீட்டில் வாய் என்பது ஒருவருக்குத்தான். அவர் அன்னபுஷ்பத்தின் புருஷனுக்கு அண்ணன், செல்வநாதன். சர்வே ஆபீஸில் சங்கிலி பிடித்து, காணி காணியாக நிலம் அளந்து ரிடையர் ஆனவர். பெரியவர் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் உள்ளே போனபின் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவக் கூடாது. எங்க வூட்ல பொம்பளைங்க பஸ் ஏறி வேலைக்குப் போற வழக்கம் இல்ல."

கிரேசி ஸ்ரீபெரும்புதூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி. படிக்க வசதியில்லாமல் பி.எஸ்ஸி.யோடு நின்றவள். கரும்பலகை முன்னால் நிற்கும்போது மட்டும் அந்தக் குறை அவளுக்கு மறந்துபோகும். அந்த வேலை போனால் தன்னில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. அப்பா தரையைப் பார்த்தார். சூசைராஜ் காபி டம்ளரைப் பார்த்தான். அப்புறம் அவளேதான் பேச வேண்டியிருந்தது.

"வேலையை விட எனக்கு இஷ்டம் இல்லைங்க, பெரிய மாமா."

"இன்னாம்மா பெரிய வேல? கணக்குதானே சொல்லித் தர்றே? கணக்கு எங்க வூட்லயே கீது. நான் வகுக்காத நெலமும் இல்ல, நான் வகுக்காத நம்பரும் இல்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பெரியவர் இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதை இவளாவது காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

"நான் ஒரு எண் சொல்றேன். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேற எதாலயாவது மிச்சம் இல்லாம வகுத்துக் காட்டுங்க. காட்டிட்டா வேலையை விட்டுடறேன். இல்லன்னா நான் வேலைக்குப் போவேன், நீங்க தடுக்கக் கூடாது."

அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெரியவரோ ஜமுக்காளத்தில் இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டுக்கொண்டார். பந்தயம் என்றால் அவருக்குப் பாயசம்.

"சொல்லு."

கிரேசி கண்ணை மூடித் திறந்தாள். எதாலும் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். ஐந்து, ஏழு, பதின்மூன்று மாதிரி. சின்னதாக இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பெரிதாகிவிட்டால் மனுஷனைப் பைத்தியமாக அடிக்கும். கல்லூரியில் அவளுடைய பேராசிரியை ஒருநாள் பலகையில் ஒரு கோபுரம் எழுதினாள். 31, அதற்குக் கீழே 331, அதற்குக் கீழே 3331. இப்படியே ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டு போனாள். அத்தனையும் பகா எண், யாரோ கணக்குப் போட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள் என்றாள். ஏழு மூன்றும் கடைசியில் ஓர் ஒன்றும் வந்ததும் மணி அடித்துவிட்டது. அந்தக் கோபுரம் கிரேசியின் மனசில் அப்படியே நின்றது.

"மூணு கோடியே முப்பத்து மூணு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூத்து முப்பத்தொண்ணு" என்றாள்.

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். "எட்டே எட்டு இலக்கம்தானா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கிரேசிக்குச் சுருக்கென்றது.

"அப்ப இன்னொரு மூணு சேத்துக்கங்க. முப்பத்து மூணு கோடியே முப்பத்து மூணு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூத்து முப்பத்தொண்ணு."

அந்த எட்டாவது மூன்றை எந்தப் பேராசிரியையும் எழுதவில்லை. ஏழு மூன்று வரை சரியாக வந்ததே, எட்டாவது மட்டும் காலை வாரிவிடுமா என்ன? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இவள் ஏழு சோறு பதம் பார்த்தாயிற்று. ஆனாலும் சபையில் சொன்ன கையோடு மனசுக்குள் மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தாள். எதிலும் போகவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கெடு மூன்றாவது ஓலை வரை என்று முடிவாயிற்று. கத்தோலிக்கர் கல்யாணத்தில் தாலிக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பேரை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். வல்லமும் பிள்ளைப்பாக்கமும் ஒரே பங்கு என்பதால் ஓலை ஒரே கோயிலில்தான்.

அடுத்த நாளிலிருந்து பிள்ளைப்பாக்கம் கூட்டுரோட்டுக்குப் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. பெரியவர் வரதராஜுலுவின் டீக்கடைச் சுவரையே பலகையாக்கிக்கொண்டார். கரிக்கட்டியால் ஒரு வகுத்தல், அதன்மேல் பெருக்கல் குறி மாதிரி ஓர் அடிப்பு, பக்கத்தில் அடுத்தது. சொந்தக்காரர்களுக்கும் ஆளுக்கு ஓர் எண் பங்கு வைத்தார். சூசைராஜுக்கு முப்பத்தொன்று விழுந்தது. அவன் போட்டானோ இல்லையோ, "மிச்சம் வருது பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அம்பத்தூருக்கு வண்டி ஏறிவிட்டான். நல்ல பிள்ளை.

செய்தி கிரேசிக்குப் பஸ் கண்டக்டர் பாபு மூலமாக வந்தது. வல்லத்தில் அவள் ஏறும் காலை வண்டி ஒரகடம் பக்கமிருந்து வரும். முந்தின நாள் கடைசி நடையில் டீக்கடையில் சேகரித்ததை அவன் டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுப்பான்.

"ஏழு அவுட்டு டீச்சர். மிச்சம் ரெண்டு."

கிரேசி உட்கார்ந்த இடத்திலேயே போட்டுப் பார்த்தாள். இரண்டுதான். பெரியவர் கணக்கு சுத்தம்.

"பதினொண்ணு அவுட்டு. மிச்சம் ஒண்ணு."

அதுவும் சரி.

"பதிமூணுல ஆறு மிச்சம். வரதராஜுலு இன்னா சொல்றாரு தெரியுமா? முப்பத்து முக்கோடி தேவருங்களையும் கிறிஸ்தவப் பொண்ணு இட்டாந்து நிக்க வச்சிருக்குது, அவங்க அத்தினி சீக்கிரம் பங்கு பிரிஞ்சி போவாங்களான்றாரு."

பஸ்ஸே சிரித்தது. ஆறும் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தை. கோழிக்கும் கூடைக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றவளிடம் பாபு தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான். "பதினேழு அவுட்டு டீச்சர், மிச்சம் நாலு." கிரேசி தலையாட்டினாள். இத்தனை நாள் சரியாகப் போட்டவர் இன்றைக்கு மட்டும் தப்பாகவா போட்டிருப்பார்? சோறு மறுபடியும் பதமாகத்தான் இருந்தது.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் வாசித்தாயிற்று. சுவர் நிறைந்து, பெரியவர் வகுக்கும் எண் எழுபதைத் தாண்டியது. ராத்திரியெல்லாம் தூக்கத்தில் "மிச்சம், மிச்சம்" என்று உளறுகிறார் என்றும் பாபு சொன்னான். கிரேசிக்குக் கர்வமாக இருந்தது. கல்யாணச் சேலையைவிட, கல்யாணத்துக்கு மறுவாரம் வகுப்புக்குப் போகும்போது எந்தச் சேலை கட்டுவது என்பதைத்தான் அவள் அதிகம் யோசித்தாள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை. பெரியவரின் கணக்குகளை ஒவ்வொன்றாக மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று சாக்பீஸை எடுத்து மேசை ஓரத்தில் எழுதினாள். அன்றைக்குச் சந்தைக் கூட்டத்தில் விட்டுப்போன பதினேழிலிருந்து ஆரம்பித்தாள்.

முப்பத்து மூன்றில் ஒரு பதினேழு, மிச்சம் பதினாறு. நூற்று அறுபத்து மூன்றில் ஒன்பது, மிச்சம் பத்து. இப்படியே இறங்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஐம்பத்தொன்று நின்றது. மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. மிச்சம் ஒன்றுமில்லை.

அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒன்றுமில்லை. திருப்பிப் பெருக்கிப் பார்த்தாள். ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றைப் பதினேழால் பெருக்கினால், முப்பத்து முக்கோடியும் வந்து வரிசையாக நின்றன.

எதாலும் வகுபடாது என்று சபையில் மார்தட்டிய எண், போயும் போயும் பதினேழில், அதுவும் ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய ஒரு வகுத்தலில், பொத்தென்று விழுந்துவிட்டது. பேராசிரியையின் ஏழு மூன்றோடு நின்றிருந்தால் பெரியவர் இந்த ஜென்மத்தில் உடைத்திருக்க முடியாது. அந்த எட்டாவது மூன்றை ரோஷம்தான் சேர்த்தது.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"எழுதும்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இது யாருக்கும் தெரியாது. சுவரில் பதினேழை அடித்தாயிற்று, அடித்ததை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நாளைக்கு ஒரு பூசை நேரம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வேலை அவளுக்கு. இவ்வளவு சுலபமாக ஒரு வெற்றி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் திங்கட்கிழமை போய்ப் பலகை முன்னால் நின்று, தப்பாக வகுத்த பிள்ளையின் நோட்டில் எந்த முகத்தோடு சிவப்பு மையால் சுழிப்பது? அப்பாவிடம் சொன்னாள். அவர், "உன் வாய், உன் பாடு" என்றார். அது வேண்டாம் என்று சொன்ன மாதிரியும் இல்லை.

ஞாயிறு காலை அப்பாவும் அவளும் பஸ்ஸில் போனார்கள். பிள்ளைப்பாக்கம் கூட்டுரோட்டில் வண்டி நின்றது. ஜன்னல் வழியே டீக்கடைச் சுவர் தெரிந்தது. இத்தனை நாள் போகும்போதும் வரும்போதும் வீம்பாக அந்தப் பக்கம் திரும்பாமல், காதால் மட்டும் கேட்டதைக் கண்ணால் பார்த்தாள். பதினேழு கூரைக்குப் பக்கத்தில், கொட்டைக் கொட்டையான எழுத்தில் இருந்தது. மூன்றுகளை எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். ஒன்பது இருந்தன.

பெரியவர் ஒரு மூன்றைக் கூடுதலாக எழுதியிருக்கிறார். அதனால்தான் மிச்சம் நாலு. வகுத்தது சுத்தம், எழுதியதுதான் பிசகு. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஊரே டீ குடித்திருக்கிறது, ஒருத்தராவது எண்ணிப் பார்க்கவில்லை. கிரேசிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அவள் ஒரு மூன்றை வாயால் கூட்டினாள், அவர் கையால் கூட்டியிருக்கிறார். நல்ல சம்பந்தம்தான்.

கோயில் வாசலில் அன்னபுஷ்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முட்டிவலியில் குனிந்தவள் நிமிர நேரம் பிடித்தது. கிரேசி நேராக அவளிடம் போனாள்.

"அத்தை, அந்த நம்பர் வகுபடுது. பதினேழால. நேத்துதான் பார்த்தேன். பெரிய மாமா ஒரு மூணு அதிகமா எழுதிட்டாங்க, அதான் நாலு மிச்சம் வந்திருக்கு. ஓலை வாசிக்கறதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லணும்."

அன்னபுஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று பார்த்ததைவிட நிதானமாகப் பார்த்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கு மட்டும்."

"வா" என்றாள் அன்னபுஷ்பம்.

பெரியவர் பூவரச மரத்தடியில் ஆண்கள் கூட்டத்தின் நடுவில் இருந்தார். விரல் நுனியெல்லாம் கரி. ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். அவரை எப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் குப்பை கொட்டிய அன்னபுஷ்பத்துக்குத் தெரியாததா? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு பேர் காதில் விழும்படியாகவே கேட்டாள்.

"மாமா, அந்தப் பதினேழு கணக்கு சரியா போட்டீங்களா? தப்பு கிப்பு இருக்கப் போவுது. இன்னொரு தரம் போட்டுப் பாருங்களேன்."

பெரியவர் முகம் சிவந்தது.

"இன்னா பேச்சு இது? முப்பது வருஷம் சர்க்காருக்கு அளந்து குடுத்தவன் நான். ஒருத்தன் குறை சொன்னது இல்ல. நான் போட்ட கணக்க நானே மறுபடி போடணுமா?"

"பெரிய மாமா, அதுல..." என்று கிரேசி ஆரம்பித்தாள்.

பெரியவர் கையை உயர்த்தினார். அவர் குரல் இப்போது இளகியிருந்தது.

"நீ சும்மா இரும்மா. உன் மனசு எனக்குப் புரியுது. பெரியவன் தோத்துட்டானேன்னு எடம் குடுக்கப் பாக்கறே. அதெல்லாம் வேணாம். தோத்தா தோத்ததுதான்."

"இல்லீங்க, நெஜமாவே பதினேழுல..."

"பதினேழுல மிச்சம் நாலு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசினா எனக்குக் கோவம் வரும்."

மணி அடித்தது. பெரியவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். கிரேசி நின்ற இடத்திலேயே நிற்க, அன்னபுஷ்பம் அவள் முழங்கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். பிள்ளைப்பாக்கம் சூசைராஜுக்கும் வல்லம் கிரேசிக்கும் இது மூன்றாம் முறையும் கடைசி முறையுமான அறிவிப்பு என்றார். தடை தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல் சபையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை தன்மேல்தான் நின்றது என்று கிரேசிக்குத் தோன்றியது. வாய் தானாகத் திறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னபுஷ்பம், ஜெபமாலை உருட்டும் கையாலேயே அவள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். சாமியார் ஓலையை மடித்துவிட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"முப்பத்து முக்கோடி ஜெயிச்சிடுச்சிப்பா. சொன்ன சொல் சொல்தான். எங்க வூட்டு மருமவ வேலைக்குப் போவும். எவனாவது ஏன்னு கேட்டா, அவன் மொதல்ல அந்த நம்பர வகுத்துட்டு வந்து கேக்கட்டும்."

சூசைராஜ் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முதல் முறையாக முழுசாக முழித்துக்கொண்டு சிரித்தான். பெரியவர் தோற்ற மாதிரியே தெரியவில்லை. இனி சாகும்வரை அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். கிரேசிக்குத்தான் ஜெயித்த மாதிரி இல்லை. கூட்டம் கலைந்தபின் அன்னபுஷ்பத்தின் பின்னாலேயே மரத்தடிக்குப் போனாள்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? மறுபடி போட்டுப் பாருங்கன்னு உன் எதிர்லதானே கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. உன்னையும் பேச வுடல."

"நான் வேலையை விட்டா உங்களுக்குத்தானே ஒத்தாசை? உங்க முட்டிவலிக்கு..."

அன்னபுஷ்பம் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"நெசந்தான். நேத்து வரிக்கும் அப்பிடித்தான் நெனச்சினு இருந்தேன். மருமவ வந்தா எருமைங்கள அவ கையில குடுத்துட்டு கால நீட்டிக்கலாம்னு. ஒரு நாளு உன் நம்பரு ஒடையணும்னு மெழுகுவத்திகூட ஏத்தினேன்." முட்டியைத் தடவிக்கொண்டாள். "ஒடஞ்சது உனக்கு மட்டுந்தான் தெரியும். வாயத் தெறக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஓடி வந்து சொன்னியே. நீ ஒரு பொய்ய மென்னு முழுங்க மாட்ட. உங்கிட்ட நாலு புள்ளைங்க படிக்கட்டும். பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. எனக்கு அந்த ஒரு சோறு போதும்."

அந்தப் பழமொழியை நம்பித்தான் அவள் எட்டாவது மூன்றைச் சேர்த்தாள். அதே பழமொழியை நம்பித்தான் பதினேழைச் சரிபார்க்காமல் விட்டாள். அது செல்லாது அத்தை, ஏழு சோறு வெந்திருந்தாலும் எட்டாவது அரிசியாக இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பைத் திருத்தாமல் விழுங்கினாள். விழுங்கியது கண்ணில் தண்ணீராக வந்தது.

"நாலரை மணி வண்டியில வந்துடுவேன் அத்தை. சாயங்காலப் பால் நான் கறக்கறேன்."

"கறக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்பிடின்னா கிட்ட போவாத. ஒதச்சிடும்" என்று சொல்லிவிட்டு, அன்னபுஷ்பம் கோயில் வாசலுக்குத் திரும்பி, முட்டியைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடக் குனிந்தாள். கிரேசி அவளுக்கு முன்னால் குனிந்து அதை எடுத்து வைத்தாள்.